மார்ச் மாதத்துக்குள் எத்தனை குழந்தைகள் வாசிப்பார்கள்? ஆண்டு இலக்கு வைக்கும் நான்கு வழிகள்

பள்ளி திறந்த இரண்டாவது வாரம் எங்கள் அறக்கட்டளையில் ஒரு வேலை நடக்கும். விழுப்புரம் மாவட்டத்தில் நாங்கள் நடத்தும் ஏழு மாலை நேர மையங்களுக்கும் போய், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் ஒவ்வொரு குழந்தையையும் தனியாக உட்கார வைத்து வாசிக்கச் சொல்வோம். ஒரே தாளில் எழுத்துகள், எளிய சொற்கள், சின்னதாக ஒரு பத்தி, ஒரு குட்டிக் கதை. கிராமப்புறக் குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்க, 2005 முதல் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு முன்னின்று நடத்திவரும் ஏசர் ஆய்வின் முறைதான் இது. பத்தி ஒன்றாம் வகுப்புத் தரம், கதை இரண்டாம் வகுப்புத் தரம்.

2024 ஜூனில் 140 குழந்தைகள் இருந்தார்கள். கதையை வாசித்தவர்கள் 38 பேர். பத்தியோடு நின்றவர்கள் 41. சொல்லோடு நின்றவர்கள் 36. எழுத்தோடு நின்றவர்களும் எழுத்தே பிடிபடாதவர்களும் சேர்ந்து 25.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த மார்ச்சில் எங்கே போய் நிற்க வேண்டும் என்று எப்படி முடிவுசெய்வது? பல ஆண்டுகளாகப் பொருளாளராக இருப்பவன் என்ற முறையில் நான்கு வழிகளையும் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன், சிலவற்றுக்கு நானே கை தூக்கியும் இருக்கிறேன். இங்கே நான்கையும் அந்த ஒரே ஜூன் கணக்கின் மேல் வைத்துப் பார்க்கிறேன். உரைகல் ஒன்றுதான்: நவம்பரில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை, ஆறு குழந்தைகள் மட்டும் வந்திருக்கும் மையத்தில் நிற்கும் ஆசிரியைக்கு, இன்றைக்கு என்ன செய்வது என்று அந்த இலக்கு ஏதாவது சொல்கிறதா?

எந்த வழியானாலும் முதலில் மாலைகளை எண்ணிவிட வேண்டும். வாரம் ஐந்து நாள் என்றால் ஆண்டுக்கு 260 மாலைகள் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். கோடை விடுமுறைக்கு ஏழு வாரம் போனால் 225. காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளுக்கு மூன்று வாரம் கழித்தால் 210. வடகிழக்குப் பருவமழைக்குக் குறைந்தது 18 மாலைகள். தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா, சாவு, கல்யாணம் என்று இன்னொரு 17. மிஞ்சுவது 175. மாலைக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் சுமார் 262 மணி நேரம். மூன்றில் இரண்டு பங்கு நாள் வருகிற குழந்தைக்குக் கிடைப்பது 175 மணி நேரம்தான். இந்த எண்ணைப் பலகையில் எழுதி வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினால் கூட்டத்தின் தொனியே மாறிவிடுகிறது.

போன ஆண்டைவிடப் பத்து சதவீதம்

பெரும்பாலான சிறு அமைப்புகளில் வழக்கமாக நடப்பது இதுதான். போன ஆண்டறிக்கையை எடுத்து, எல்லா எண்களோடும் பத்து சதவீதம் சேர்த்து, தீர்மானம் போட்டுவிடுவது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், யாருக்கும் மனவருத்தம் இல்லை.

வாசிப்பு விஷயத்தில் இது சுத்தமாகப் பயன்படாது. 2024 மார்ச்சில் எங்கள் மையங்களில் கதை வாசித்தவர்கள் 34 பேர். பத்து சதவீதம் கூட்டினால் 37. ஜூனிலேயே 38 பேர் இருந்தார்கள். ஒரு பாடம்கூட நடத்துவதற்கு முன்பே இலக்கு நிறைவேறிவிட்டது. ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் வெளியே போய்விட்டார்கள், புதிதாக மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் வந்துவிட்டார்கள். போன ஆண்டின் எண் வேறு குழந்தைகளைப் பற்றியது. அதன் மேல் சதவீதம் கட்டுவது அடுத்த வீட்டு அஸ்திவாரத்தில் நம் சுவரை எழுப்புவது போல.

நன்கொடைக்கு இந்த வழி ஓரளவு பொருந்தும். கொடுப்பவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தானே. அங்கேயும் ஒரே ஓர் ஆண்டைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து எங்கள் மாவட்டத்தை மூழ்கடித்தபோது, நிவாரணத்துக்கென்று பணம் வந்தது. அந்த ஆண்டின் வரவை அடிப்படையாக வைத்து அடுத்த ஆண்டுக்குப் பத்து சதவீதம் கூட்டினால், இன்னொரு புயலை வேண்டிக்கொள்வதாக அர்த்தம். மூன்று ஆண்டுச் சராசரியை எடுத்து, நிவாரணப் பணத்தைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

நிதி கொடுப்பவர் சொல்லும் எண்

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் வந்த பிறகு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டியிருக்கிறது. எங்களைப் போன்ற அமைப்புகளுக்கு அது பெரிய கதவு. ஆனால் அந்தக் கதவு வழியாகப் பணத்தோடு ஓர் எண்ணும் உள்ளே வருகிறது. ஒருமுறை எங்களிடம் கேட்கப்பட்டது: "மார்ச்சுக்குள் 80 சதவீதக் குழந்தைகள் இரண்டாம் வகுப்புத் தரத்தில் வாசிக்க வேண்டும்."

கேட்பதற்கு நியாயமான எண். எங்கள் ஜூன் கணக்கில் போட்டுப் பார்த்தால் 140இல் 112. ஏற்கெனவே 38 பேர். பத்தியில் நிற்கும் 41 பேரும் ஒருவர் விடாமல் கதைக்கு ஏற வேண்டும், அப்போதுதான் 79. மீதி 33 பேர் சொல்லில் நிற்கும் 36 பேரிடமிருந்து வர வேண்டும், அதுவும் இரண்டு படி தாண்டி. 175 மணி நேரத்தில்!

இங்கேதான் கேடு தொடங்குகிறது. ஆசிரியை கெட்டிக்காரர், மனக்கணக்குப் போட்டுவிடுவார். பத்தியில் நிற்கும் குழந்தைகளை முன்வரிசையில் உட்கார வைப்பார். எழுத்தில் தடுமாறும் 25 பேரை என்ன செய்தாலும் அந்த 112இல் சேர்க்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அந்தக் குழந்தைகள் சுவரோரம் போய்ப் படம் வரைந்துகொண்டிருப்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் யாருக்காக மையம் தொடங்கினோமோ அவர்கள் மையத்துக்குள்ளேயே விடுபட்டுப்போகிறார்கள். அளவுகோலே இலக்காகிவிட்டால் அது அளவுகோலாக இருக்கும் தகுதியை இழந்துவிடும் என்று சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளியலாளரின் பெயரால் ஒரு விதி சொல்வார்கள். அதை நான் கண்ணால் பார்த்தது அந்தச் சுவரோரத்தில்தான்.

இன்னொரு சிக்கல், இந்த வழியில் அமைப்பின் உள்வேலை இலக்காகவே வராது. கணக்குப் புத்தகத்தைச் சீராக்குவது, ஆசிரியைகளுக்குப் பயிற்சி, பணி விலகுகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது ஆகியவற்றுக்குக் காசு கொடுக்க யாருக்கும் ஆர்வம் இல்லை. வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகளுக்கு நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 2020இல் 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைத்துவிட்டார்கள். ஆக, இருக்கிற இடமும் சுருங்கிவிட்டது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கேட்கும் ஒருவர் இருந்ததால்தான் நாங்கள் வருகைப் பதிவேட்டை ஒழுங்காக வைக்கக் கற்றுக்கொண்டோம். அந்தக் கட்டுப்பாடு எங்களுக்குத் தேவையாக இருந்தது.

பெருங்கனவு

எங்கள் செயலாளருக்குப் பிடித்த வழி இது. "ஒரு குழந்தைகூட விடுபடக் கூடாது" என்பார். 2022இல் தமிழக அரசு எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியபோது, 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்று அறிவித்தது. நாமும் அப்படி அறிவித்தால் என்ன என்று கேட்டார். அவருடைய ஆவேசத்தை நான் மதிக்கிறேன். அந்த ஆவேசம் இல்லையென்றால் ஏழு மையங்கள் வந்திருக்காது.

நிறுவன உலகில் இதற்கு ஒரு முறையே உண்டு. இன்டெல் நிறுவனத்தில் ஆண்டி குரோவ் வளர்த்ததை 1999இல் முதலீட்டாளர் ஜான் டோயர் கூகுளுக்குக் கொண்டுபோனார். எட்ட முடியாத உயரத்தில் இலக்கை வைப்பார்கள், அதில் 70 சதவீதம் எட்டினாலே நல்ல மதிப்பெண். அங்கே அது நடக்கிறது. 30 சதவீதம் குறைந்ததற்காக யாருடைய சம்பளமும் நிற்பதில்லை, அடுத்த காலாண்டுக்கான பணம் தயாராக இருக்கிறது. எங்கள் ஆண்டறிக்கையில் "100 குறி வைத்தோம், 70 வந்தது" என்று எழுதினால், படிக்கிற நன்கொடையாளருக்கு அது தோல்வி என்றுதான் தெரியும். அதைவிட முக்கியம், மாதம் ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டு மழையிலும் சைக்கிளில் வரும் ஆசிரியைக்கு, ஆண்டு முழுக்க உழைத்த பின் கிடைக்கும் செய்தி "நீ முப்பது குறைவு" என்பதாக இருக்கக் கூடாது.

மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பதையே நோக்கமாக வைத்திருந்தார். பெருங்கனவு வேண்டாம் என்று அந்த வரலாற்றைத் தெரிந்த யாரும் சொல்லமாட்டார்கள். அது ஒரு வாழ்நாளுக்கான கனவு. அடுத்த மார்ச் 31க்குள் முடித்துக் காட்ட வேண்டிய வேலை வேறு.

மையத்திலிருந்து எழும் கணக்கு

நான்காவது வழியில் எண்ணை அறங்காவலர்கள் சொல்வதில்லை. ஜூன் கணக்கை ஒவ்வொரு ஆசிரியையிடமும் பெயர்ப்பட்டியலோடு கொடுத்து, இவர்களில் யார் யாரை எந்தப் படிக்குக் கொண்டுவர முடியும் என்று கேட்கிறோம்.

அந்தக் கூட்டம் ஊராட்சி அலுவலகத் திண்ணையில் நடந்தது. ஒரு மையத்தின் ஆசிரியை, குழந்தைகள் அக்கா என்று கூப்பிடுகிறவர், பட்டியலில் விரலை வைத்துக்கொண்டே சொன்னார்: "எழுத்தில் நிற்பவர்கள் நான்கு பேர் சார். மூன்று பேரை மார்ச்சுக்குள் பத்தி வரைக்கும் கொண்டுவந்துவிடுவேன். இந்த நான்காவது பையனை மார்ச்சில் கேட்காதீர்கள். பொங்கல் முடிந்ததும் அம்மா அப்பாவோடு செங்கல் சூளைக்குப் போய்விடுவான்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே சொன்னார்: "அவனுக்கு டிசம்பர்தான் மார்ச். அவனோடு முதலில் உட்கார்ந்துவிடுகிறேன்."

மேலே உட்கார்ந்து சதவீதம் போட்ட எந்த ஆண்டிலும் இந்தத் தகவல் எங்களுக்குக் கிடைத்ததில்லை. பிள்ளைகள் சூளைக்குப் போவது தெரியும், ஜனவரியில் வருகை குறைவதும் தெரியும். இரண்டையும் ஒரு பையனின் பெயருக்கு எதிரே ஒரு தேதியாக எழுத அந்த அக்காவால்தான் முடிந்தது. நல்ல இலக்குக்கு வேண்டிய ஐந்து பண்புகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 1981இல் ஜார்ஜ் டோரன் 'ஸ்மார்ட்' இலக்குகளைப் பற்றி எழுதியபோது, அந்த ஆங்கிலச் சொல்லின் நடு எழுத்து, ஒருவரிடம் ஒப்படைக்கத்தக்கது என்ற பொருளில்தான் இருந்தது. பின்னால் வந்தவர்கள் அதை எட்டத்தக்கது என்று மாற்றிவிட்டார்கள். யார் செய்வார் என்பது தெரியாமல் எட்ட முடியுமா என்று எப்படிச் சொல்வது?

ஏழு மையங்களின் எண்களையும் கூட்டினோம். கதை வாசிப்பவர்கள் 38இலிருந்து 70. எழுத்து நிலையில் நிற்பவர்கள் 25இலிருந்து 6. இந்த இரண்டாவது எண் முந்தைய மூன்று வழிகளிலும் தனியாகத் தலைகாட்டவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்த வழியிலும் குறை உண்டு. ஒன்று, பயந்த ஆசிரியை எண்ணைக் குறைத்துச் சொல்வார். அதற்காக இரண்டு எண் கேட்கிறோம்: உறுதியாக முடிகிறது ஒன்று, முயன்று பார்ப்பது ஒன்று. இரண்டாவது எட்டாவிட்டால் கேள்வி இல்லை. இன்னொன்று, தன் வகுப்பைத் தானே சோதித்தால் கை தாராளமாகிவிடும். ஆகவே அடுத்த மைய ஆசிரியை வந்து சோதிக்கிறார். மூன்றாவது, நேரம். குழந்தைக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 140 பேருக்குக் கிட்டத்தட்ட 12 மணி நேரம், ஆண்டுக்கு மூன்று முறை. பாடம் நடத்தும் மாலைகளிலிருந்துதான் அதை எடுக்க வேண்டும். கடைசியாக, இத்தனை நுணுக்கத்தை இரண்டு இலக்குகளுக்கு மேல் தாங்க முடியாது. முன்பு எங்கள் ஆண்டுத் திட்டத்தில் பதினோரு இலக்குகள் இருந்தன. செப்டம்பரில் அவற்றில் பாதியை யாராலும் நினைவிலிருந்து சொல்ல முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் இதே வழி பொருந்துமா என்றால், பொருந்தாது. இருப்பு நிதி சேர்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வரிவிலக்கு பெறும் அறக்கட்டளை பொதுவாக ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அதன் நோக்கத்துக்காகச் செலவிட்டாக வேண்டும். செலவிடாமல் மூலநிதியாக வைக்கவே கொடுக்கப்படும் கார்ப்பஸ் நன்கொடையைத் தனியாக வைத்துவிட்டால், சேர்த்து வைக்கக் கையில் நிற்பது 15. ஆறு மாதச் செலவுக்கான இருப்பை இந்த ஆண்டே உருவாக்குவோம் என்று ஒருவர் முன்மொழிந்தால், முழு 15ஐயும் ஒதுக்கினாலும் கிட்டத்தட்ட மூன்று ஆண்டு ஆகும் என்று அங்கேயே சொல்லிவிடலாம். அதற்குக் கூட்டமும் வேண்டாம், கருத்துக்கேட்பும் வேண்டாம், ஒரு வகுத்தல் போதும்.

எங்கள் இப்போதைய ஏற்பாடு இதுதான். நன்கொடைக்கு மூன்று ஆண்டுச் சராசரி. குழந்தைகளின் வாசிப்புக்கு மையத்திலிருந்து எழும் கணக்கு. நிதி கொடுப்பவரிடம் அவர் எண்ணைச் சொல்வதற்கு முன்பே ஜூன் கணக்கையும் 175 மணி நேரத்தையும் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். ஒருவர் 80 சதவீதத்தை விட்டுக்கொடுக்கவில்லை, பிரிந்துவிட்டோம், அதனால் ஆண்டு முழுவதும் கை இறுக்கமாகத்தான் இருந்தது. இன்னொருவர் அந்த 25 பேரின் பட்டியலை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள் என்றார்.

2025 மார்ச்சில் கதை வாசித்தவர்கள் 66 பேர். எழுத்து நிலையில் நின்றவர்கள் 8. எழுபதுக்குக் குறைந்த நான்கு பேரும் புயலுக்குப் பிறகு மூன்று வாரம் தண்ணீர் வடியாமல் கிடந்த இரண்டு மையங்களின் பிள்ளைகள். அவர்கள் பெயர் எங்களுக்குத் தெரியும். அடுத்த ஜூன் பட்டியலில் முதல் நான்கு வரிகளில் அவர்களைத்தான் எழுதினோம். சூளைக்குப் போன பையன் டிசம்பர் 20 அன்று பத்தியை இரண்டு இடத்தில் திணறிப் படித்து முடித்தான். அந்தத் தாளையே அவன் பையில் வைத்து அனுப்பினார் அக்கா.