வேடசந்தூர்ப் பக்கம் பெண்பிள்ளைகளுக்கான மாலை மையம்: அனுப்பலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அனுப்பலாம், யோசிக்கவே வேண்டாம். ஆனால் கோடை விடுமுறையில் மையத்தை நடத்துகிறவர்கள் செய்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, அதையும் கீழே எழுதியிருக்கிறேன். என் அண்ணன் மகள் எட்டாவது படிக்கும்போது இங்கே போக ஆரம்பித்தாள், இப்போது பதினொன்றாவது. மையத்தின் பெயரையும் ஊரையும் வேண்டுமென்றேதான் போடவில்லை. அங்கே வருகிற சில பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளேயே பிரச்சினை, யார் எவர் என்று யாருக்கும் தெரிய வேண்டாம்.

எங்கள் பக்கத்து நிலவரம் தெரிந்தால்தான் நான் சொல்வது புரியும். திண்டுக்கல், வேடசந்தூர் சுற்றுவட்டாரம் முழுக்க நூற்பாலைகள். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் 30,000, 50,000 என்று மொத்தமாகக் கல்யாணச் செலவுக்குத் தருவோம் என்று சொல்லி, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஒரு தலைமுறைப் பெண்பிள்ளைகளையே கூட்டிப்போனார்கள். பாதியில் உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்து அந்த மொத்தத் தொகையும் கிடைக்காமல் போனவர்கள் உண்டு. இப்போது அந்தப் பெயரை யாரும் வெளியே சொல்வதில்லை. ஆனாலும் பத்தாவதில் ஒரு பாடம் போய்விட்ட பிள்ளையின் வீட்டு வாசலில் ஆசிரியர் வருவதற்கு முன்னால் மில்லுக்கு ஆள் பிடிக்கிற புரோக்கர் வந்து நிற்கிறார். அவர் இல்லையென்றால் தாய்மாமன் வீட்டுச் சம்பந்தம். இந்த இரண்டுக்கும் நடுவில் பிள்ளைக்கு மூன்றாவதாக ஒரு வழி வேண்டுமே, அதற்குத்தான் இந்த மையம்.

வாரத்தில் மூன்று மாலை, சமுதாயக் கூடத்தில் நடக்கிறது. கட்டணம் கிடையாது. பாடம் சொல்லித்தருகிறார்கள், மாதவிடாய், உடம்பு, சம்பளக் கணக்கு, வங்கி எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறார்கள், கேரம் போர்டும் இருக்கிறது. இதெல்லாம் சுமார்தான், டியூஷன் என்று நினைத்து அனுப்பினால் ஏமாந்துபோவீர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அக்காதான் இதில் விசேஷம். அவரும் இதே பகுதிதான், பத்தாவது முடித்து மில்லுக்குப் போனவர், பிறகு தனித்தேர்வராகப் பன்னிரண்டாவது எழுதி, தொலைதூரக் கல்வியில் பட்டம் வாங்கினார். மில் ஹாஸ்டல் எப்படி இருக்கும், ஷிப்ட் முடிந்து பஞ்சுத் தூசியோடு படுத்தால் இருமல் எப்படி வரும் என்று அவர் சொல்லும்போது எந்தத் தகப்பனாலும் "உனக்கென்ன தெரியும்" என்று கேட்க முடியாது.

பிள்ளை ஒரு வாரம் வரவில்லை என்றால் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவார். ஏன் அனுப்பவில்லை என்று எடுத்தவுடன் கேட்கவும் மாட்டார். எங்கள் பிள்ளை வயதுக்கு வந்ததும் அண்ணன் நிறுத்திவிட்டார், இருட்டின பிறகு பொம்பளைப் பிள்ளை வெளியே வேண்டாம் என்று. அக்கா வந்து திண்ணையில் உட்கார்ந்து அண்ணியோடு சேர்ந்து புளி தட்டிக்கொண்டே மழை, ரேஷன், நூறு நாள் வேலைச் சம்பளம் என்று பேசிவிட்டுக் கிளம்பினார், அடுத்த வாரமும் வந்தார், அப்புறம்தான் மெதுவாக, "இந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாரையும் நானே கூட்டிப்போய் நானே கொண்டுவந்து விடுகிறேன், அண்ணே" என்றார். அண்ணனுக்குப் பயம் இருட்டு மட்டும்தான், அதை அக்கா சரியாகப் பிடித்துக்கொண்டார். அறிவுரை சொல்லியிருந்தால் அண்ணன் எழுந்து போயிருப்பார்.

அடுத்தது காகித வேலை. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியோ பாலிடெக்னிக்கோ ஐடிஐயோ சேர்ந்தால் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும் என்று அண்ணனுக்கு விளக்கிச் சொன்னவர் அக்காதான். எட்டாவதில் படிப்புதவித்தொகைக்கான தேசிய வருவாய்வழித் தேர்வை (NMMS) எழுதச் சொல்லி, தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை மாதம் 1,000 வரும் என்று விண்ணப்பத்தையும் கூட இருந்து நிரப்பவைத்தார். கடன் இருக்கிற வீட்டில் படிப்பின் பெருமையைப் பேசிப் பயனில்லை. பிள்ளையின் பெயரிலேயே கணக்கு, அதில் மாதாமாதம் பணம் என்றால் நிலைமையே வேறு.

1098-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். 1996-ல் மும்பையில் தொடங்கிய குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், 2023-லிருந்து அரசே நேரடியாக நடத்துகிறது. இந்த எண் சுவரெல்லாம் எழுதியிருக்கும், ஆனால் கூப்பிட்டால் என்ன பேச வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரியாதே. இங்கே அதை நடித்துப் பழக்குகிறார்கள்: பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் எப்படிச் சொல்வது, யாராவது உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வது என்று. ஒரு பிள்ளைக்கு 18 ஆகுமுன் கல்யாணம் நிச்சயமானபோது, கூடப் படிக்கும் தோழிதான் கூப்பிட்டாள். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இருந்து வந்து கல்யாணத்தை நிறுத்தினார்கள். பெரும்பாலும் செய்தி அங்கே முடிந்துவிடும், ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கஷ்டம் அதற்குப் பிறகுதான். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பணம் போச்சு என்று வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, தெருவில் ஒரு மாதிரி பார்த்தார்கள். அக்கா தினமும் காலையில் அந்தப் பிள்ளையோடு பஸ் ஸ்டாப்வரை நடந்தார். அவரையும் சிலர் கண்டபடி பேசினார்கள், ஆனாலும் நடந்தார். இந்த ஒன்றுக்காகவே இந்த மையத்துக்கு எத்தனை நட்சத்திரமும் கொடுக்கலாம்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். ஏப்ரல் கடைசியில் மூடினால் ஜூனில் பள்ளி திறக்கும்போதுதான் மையத்தையும் திறக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு அது சரி, இவர்களுக்கு எப்படிச் சரியாகும்? பத்தாவது முடிவு மே மாதம்தான் வருகிறது, 2025-ல் மே 16. வைகாசி முகூர்த்தங்களும் அப்போதுதான், மில் ஆட்களும் அப்போதுதான் வீடு வீடாக வருகிறார்கள். தேறாத பிள்ளை துணைத்தேர்வு எழுதி அதே வருடம் பதினொன்றில் சேரலாம். அந்த விண்ணப்பம் முடிவு வந்த சில நாளிலேயே தொடங்கி சீக்கிரம் முடிந்தும்விடும். பிள்ளைக்குத் துணை தேவைப்படுகிற அந்த வாரங்களில் கூடம் பூட்டிக்கிடக்கிறது. அக்கா தன் சொந்த போனில் முடிந்ததைச் செய்கிறார், அந்த மாதத்துக்கு அவருக்கு ஊக்கத்தொகையும் இல்லை. நிதி கொடுப்பவர்கள் வருடம் முழுவதுக்கும் கொடுப்பதில்லை என்று பதில் வந்தது. அப்படியென்றால் டிசம்பரில் ஒரு மாதம் மூடுங்கள், மேயில் திறந்துவையுங்கள் என்றுதான் சொல்வேன்.

கூடத்தில் கழிப்பறைக்குத் தண்ணீர் வருவதில்லை, பெண்பிள்ளைகள் வருகிற இடத்தில் இதை முதலில் சரிசெய்திருக்க வேண்டும். வெளியூரில் இருந்து வந்து ஆளுமை வளர்ச்சி என்று ஒருநாள் பேசிவிட்டுப் போகிறவர்களால் பெரிய பயனில்லை. ஏற்கெனவே மில்லுக்குப் போய்விட்ட பிள்ளைகளுக்கு இந்த மாலை நேரம் ஒத்துவராது, அவர்கள் ஷிப்டில் இருப்பார்கள். அவர்களுக்கென்று ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளையாவது வையுங்கள் என்று கேட்டிருக்கிறோம், இன்னும் நடக்கவில்லை. பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பதை மட்டும் பெற்றோர் சொன்னதும் நிறுத்திவிட்டார்கள், அது நல்ல விஷயம்.

5-க்கு 4 கொடுக்கிறேன். உங்கள் ஊரில் இப்படி ஒன்று இருந்து பிள்ளையைச் சேர்க்கப் போனால் பாடத்திட்டம் என்ன என்று கேட்பதைவிட, பிள்ளை வராவிட்டால் யார் வீட்டுக்கு வருவார்கள், அவர் எந்த ஊர், மே மாதம் அவர் இருப்பாரா என்று கேளுங்கள்.