பில்லில் சிலிக்கான், உடம்பில் லேடக்ஸ்: ஹோம் கேர் வைப்பவர்கள் கவனிக்க

தண்டுவடம் அடிபட்டவருக்கு வீட்டில் நர்சிங் ஆள் வைத்திருந்தால், இன்றே போர்வையை விலக்கி யூரின் டியூபின் நிறத்தைப் பாருங்கள். முழு சிலிக்கான் என்றால் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். லேடக்ஸ்மேல் சிலிக்கான் பூசியது பழுப்பு மஞ்சளாக, ரப்பராக இருக்கும். பாக்கெட்டில் 'சிலிக்கான் கோட்டட்' என்றுதான் போட்டிருப்பார்கள். பில்லில் அந்த 'கோட்டட்' மட்டும் காணாமல் போய், முழு சிலிக்கானின் விலை ஏறியிருக்கும்.

காசு போனால் போகட்டும். முழு சிலிக்கான் 12 வாரம்வரை தாங்கும் என்ற கணக்கை வைத்து, 4 வாரத்துக்குள் மாற்ற வேண்டிய லேடக்ஸையும் மூன்று மாதம் விட்டுவிடுகிறார்கள். உப்புப் படிந்து துவாரம் அடைகிறது, மூத்திரப்பை உப்புகிறது, நோயாளிக்கோ அது தெரிவதில்லை.

அடி டி6 (மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு) மட்டத்திலோ அதற்கு மேலேயோ என்றால் இது உயிருக்கே ஆபத்து. அடிபட்ட இடத்துக்குக் கீழே ரத்தக் குழாய்கள் சுருங்கி பிபி எகிறும். மண்டை வெடிக்கிற தலைவலி, முகம் சிவப்பு, கழுத்துக்கு மேல் வியர்வை. இவர்களுக்கு வழக்கமான மேல் பிபியே 90 முதல் 110தான். '140 தானே, எல்லாருக்கும் இருக்கிறதுதான்' என்று பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

படுக்க வைக்கவே கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிடுங்கள். பெல்ட், சாக்ஸ், யூரின் சேரும் பையின் பட்டை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். டியூப் தொடைக்கடியில் மடிந்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அப்படியும் வடியவில்லையென்றால் உடம்புச் சூட்டில் 10–15 மில்லி சலைனை மெதுவாக விடலாம். அழுத்தித் தள்ளக் கூடாது. திரும்பி வராவிட்டால் டியூபை உடனே மாற்ற வேண்டும். 2–5 நிமிடத்துக்கு ஒருமுறை பிபி பாருங்கள். டியூப் சரியென்றால் அடுத்த சந்தேகம் மலச்சிக்கல். ஆசனவாயில் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஜெல் தடவிச் சில நிமிடம் விட்டுத்தான் விரல் வைக்க வேண்டும். மேல் பிபி 150க்குக் கீழே இறங்கவில்லையா, விரல் வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சில்டெனாபில் (ஆண்மைக் குறைவு மாத்திரை) போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அதோடு பிபியை இறக்கக் கொடுக்கும் நைட்ரேட் மருந்து சேரக் கூடாது.

'பிளாடர் டிரெய்னிங்' (மூத்திரப்பைக்குப் பயிற்சி) என்று டியூபைக் கிளாம்ப் போட்டு மூடிவைக்கிறார்கள், அதற்குத் தனி சார்ஜ் வேறு. டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்கு இது வலியப் போய் ஆபத்தை அழைப்பது.

இனி டியூபை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள், பாக்கெட்டை எடுத்து வையுங்கள், போட்ட தேதியைப் பையில் மார்க்கரால் எழுதுங்கள். புது ஆளை வைக்கும்முன் ஒரே கேள்வி கேளுங்கள்: 'திடீர்த் தலைவலி, வியர்வை, பிபி 150. முதலில் என்ன செய்வீர்கள்?' 'படுக்க வைப்பேன்' என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.