மங்குக்கு எது வாங்கலாம்: பசார் மாலாம் டப்பா, ஏஜென்ட் செட்டு, வீட்டு மஞ்சள், பார்மசி ட்யூப்

மலேசியால சுங்கை சிப்புட்ல ஒரு பார்மசி கவுண்டர்ல 11 வருசமா நிக்கிறேன். சம்பளம் போட்ட வாரம் தோட்டத்துலேர்ந்து வர்ற அக்காங்க முதல்ல பனடோல் கேப்பாங்க, தைலம் கேப்பாங்க, அப்புறம் பக்கத்துல ஆள் இல்லன்னு பாத்துட்டு குரல இறக்கி "தங்கச்சி, இந்த மங்குக்கு ஏதாச்சும் இருக்கா"ன்னு கன்னத்துல படர்ந்த கருந்திட்ட காட்டுவாங்க. போன மாசம் ஒரு அக்கா கைப்பையிலேர்ந்து ரெண்டு பொருள எடுத்து வச்சாங்க, ஒன்னு பசார் மாலாம்ங்கற ராத்திரிச் சந்தைல 15 வெள்ளிக்கு, அதான் ரிங்கிட்டுக்கு, வாங்குன மஞ்சக் கிரீம் டப்பா, இன்னொன்னு கூட வேல செய்ற பொண்ணுகிட்ட தவணைல எடுத்த 150 வெள்ளி செட்டு. எது நல்லதுன்னு கேட்டாங்க. கவுண்டர்ல நின்னுக்கிட்டு அஞ்சு நிமிசத்துல சொல்லி முடிக்க முடியல, அதான் இங்க உக்காந்து எழுதுறேன்.

மொதல்ல மங்குன்னா என்னன்னு தெரிஞ்சாத்தான் ஒப்பிட முடியும். தோலுக்குள்ள மெலனோசைட்டுன்னு ஒரு செல்லு இருக்கு, அது டைரோசினேஸ்ங்கற என்சைம வச்சு மெலனின்ங்கற நெறப்பொருள செய்யுது, செஞ்சத பக்கத்து செல்லுங்களுக்கு அனுப்புது. கர்ப்பம், குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை, வம்சம், இது எல்லாத்துக்கும் மேல வெயிலு, இதெல்லாம் சேந்து அந்த செல்ல உசுப்பி விட்டுருது, அது அளவுக்கு மேல மெலனின் செஞ்சு திட்டா நிக்கறதுதான் மங்கு. நம்ம ஊரு மத்தியான வெயில்ல யூவி இன்டெக்ஸ், அதான் வெயிலோட கடுமைய அளக்கற எண்ணு, 11 தாண்டறது சாதாரணம். எங்கம்மா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனப்போ பால்மர நிழல்ல, விடியறதுக்கு முன்னயே போயி வெட்டுனாங்க, அப்பவே கன்னத்துல மங்கு இருந்துச்சு. இப்ப செம்பனைல, அதான் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துல, உதிரிப்பழம் பொறுக்கற அக்காங்க கன்னுங்க சின்னதா இருக்கற எடத்துல நேர் வெயில்ல நிக்கிறாங்க. அதனால எந்தப் பொருள எடுத்தாலும் நான் ரெண்டே கேள்விதான் கேப்பேன், அது அந்த செல்ல என்ன பண்ணுது, அத நிறுத்துனா என்ன ஆகும். எத்தன நாள்ல வெளுக்கும்னு கேக்கறவங்கதான் ஏமாந்து போறாங்க.

பசார் மாலாம் டப்பாதான் வேகத்துல மொத எடம், அத மறைக்க மாட்டேன். ஒரு வாரத்துல முகம் பளிச்சுன்னு ஆயிடும், பக்கத்து வீட்டுக்காரங்க கேப்பாங்க, அவங்களும் வாங்குவாங்க. ஆனா அந்த வேகம் எங்கேர்ந்து வருதுன்னு பாக்கணும். என்பிஆர்ஏ, அதான் நம்ம நாட்டு மருந்து ஒழுங்குமுறை ஆபீசு, திரும்பத் திரும்ப பிடிச்சு அறிவிக்கற பொருளுங்கள்ல அதே நாலு பேருதான் வருது, பாதரசம், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், அப்புறம் பீட்டாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு. பாதரசம் டைரோசினேஸ அப்பிடியே அடைச்சிரும், அதனால வெளுக்கும், ஆனா தோல் வழியா உள்ள போயி கிட்னில உக்காரும். கேரளால ஒரு ஆஸ்பத்திரில 2021 ஜூலைலேர்ந்து 2023 செப்டம்பர் வரைக்கும் ஒரு வகை கிட்னி நோயோட வந்த 22 பேர ஆராஞ்சாங்க, அதுல 15 பேருக்கு அபூர்வமான ஒரே ரகம், அந்த 15ல 13 பேரு வெளுக்கற கிரீம் பூசுனவங்க. இன்னொன்னு, பாதரசம் ஆவியாகும். தலகாணி உறை, துண்டு, மடில தூங்கற புள்ள, எல்லாத்துக்கும் போகும், பூசாதவங்களுக்கும் சேத்துத்தான் ஆபத்து. மினாமட்டான்னு பாதரசத்துக்கான உலக ஒப்பந்தப்படி 1 பிபிஎம்முக்கு, அதான் பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு, மேல பாதரசம் இருக்கற கிரீம 2020ஓட நிறுத்தணும்னு இருந்துச்சு, 2023ல அந்த 1 பிபிஎம் சலுகையையும் எடுத்துட்டு 2025க்குள்ள சுத்தமா சேக்கவே கூடாதுன்னு முடிவு பண்ணாங்க. இவ்வளவுக்கு அப்புறமும் டப்பா வந்துக்கிட்டேதான் இருக்கு.

அந்த அக்கா கொண்டு வந்த டப்பாவ நான் வெளக்குக்குக் கீழ வச்சுப் பாத்தேன். மூடிக்குள்ள ஒரு வெள்ளப் பிளாஸ்டிக் தகடு, கிரீம் சோப்பு மாதிரி கெட்டி, ஓரத்துல காத்து பட்ட எடம் மட்டும் சாம்பல் நெறம். சேர்மானப் பட்டியல் இல்ல, செஞ்ச கம்பெனி விலாசம் இல்ல. உள்ள மடிச்சு வச்ச காகிதத்துல மட்டும் தங்கம், வெள்ளி நகைல படாம பூசவும்னு போட்டிருந்துச்சு. பாதரசம் தங்கத்தோட ஒட்டிக்கும், அதனாலதான் அப்பிடி எழுதுவாங்க. சோதிக்காம உள்ள என்ன இருக்குன்னு நான் அடிச்சு சொல்ல முடியாது, ஆனா இந்த ஒரு வரி எழுதியிருக்கற டப்பாவ நான் எங்க வீட்டுக்குள்ள விட மாட்டேன். அக்கா சேலத் தலப்ப ஒதுக்கி தாலிக்கொடியப் பாத்தாங்க, ஒன்னும் பேசல.

எங்க பெரியக்காவே இதுல மாட்டுனவங்கதான். எந்த டப்பான்னு சொல்ல வேணாம், கல்யாண சீசன்ல ஆரம்பிச்சு எட்டு மாசம் பூசுனாங்க, மொதல்ல கண்ணாடி மாதிரி முகம், அப்புறம் ஒரு நாள் டப்பா கெடைக்கல, மூனாம் நாளே முகம் செவந்து எரிஞ்சு பொரிப்பொரியா வந்துச்சு. திரும்பப் பூசுனா அடங்குது, விட்டா வருது. தோல் மெலிஞ்சு கன்னத்துல செவப்பு நரம்பு தெரிஞ்சுச்சு, தாடைல பூன முடி. டாக்டரு பாத்த ஒடனே இது ஸ்டீராய்டு பூசுன முகம்னு சொன்னாரு. மங்கு? அது முன்னவிட கருப்பா திரும்பி வந்து உக்காந்திருந்துச்சு. அவங்க ஆறு மாசம் வெளிய வராம இருந்தத நெனச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

இப்ப ஏஜென்ட் செட்டு. சோப்பு, டோனர், பகல் கிரீம், ராத்திரி கிரீம், பெட்டில அழகா இருக்கும். இங்க வியாபாரம் எப்பிடி நடக்குதுன்னா பவுண்டர்னு ஒருத்தர், அவருக்குக் கீழ மொத்தமா சரக்கு எடுக்கற ஸ்டோகிஸ், அதுக்குக் கீழ ஏஜென்ட், அப்புறம் சரக்க கைல வைக்காம ஆர்டர் மட்டும் புடிக்கற ட்ராப்ஷிப், ஒவ்வொரு கையிலயும் ஒரு லாபம் ஏறும். பொருள செய்யறது ஒரு ஓஇஎம் பேக்டரி, அதான் மத்தவங்க பேருக்குச் செஞ்சு குடுக்கற பேக்டரி, அதே பார்முலாவ வேற வேற பேர்ல வேற வேற பெட்டில போட்டுக் குடுக்கும். விக்கற பொண்ணுங்கள நான் கொற சொல்லல, சொந்தமா நாலு காசு பாக்கணும்னு எறங்குனவங்க, அவங்களும் அதே கிரீமத்தான் பூசுறாங்க. ஆனா "நோட் நம்பர் இருக்கு, கவர்மெண்டு டெஸ்ட் பண்ணிருச்சு"ன்னு சொல்றது தப்பு. என்-ஓ-டின்னு ஆரம்பிச்சு கே-ல முடியற அந்த நம்பரு நோட்டிபிகேசன் மட்டும்தான், 2008லேர்ந்து நடக்கற முறை. கம்பெனியே இதுல இன்னது இருக்குன்னு அறிவிக்குது, ஆபீசு பின்னாடி கடைலேர்ந்து எடுத்துத்தான் சோதிக்குது. பிடிபட்டா நம்பர ரத்து பண்ணுவாங்க. அதனால நம்பர் இருந்தா போதாது, என்பிஆர்ஏ வெப்சைட்ல குவெஸ்ட் 3 பிளஸ்ங்கற தேடற பக்கத்துல தட்டிப் பாக்கணும், பேரும் கம்பெனியும் பெட்டில இருக்கறதோட ஒத்துப் போகுதா, இன்னும் செல்லுபடியா இருக்கான்னு. அந்த அக்கா செட்டு நம்பர நான் போன்ல தட்டுனேன், சரியாவே இருந்துச்சு. உள்ள இருந்தது நியாசினமைடுங்கற பி3 வைட்டமினும் வாசனையும்தான், கெடுதி இல்ல. ஆனா அதே நியாசினமைடு பார்மசி தட்டுல பாதி வெலைக்கும் கீழ கெடைக்குதே.

வீட்டு வைத்தியத்துக்கு வர்றேன். மஞ்சள நான் ஒதுக்க மாட்டேன், சாயங்காலம் வேல முடிஞ்சு வந்து அரச்சுப் பூசிக் குளிக்கறதுல ஒரு சொகம் இருக்கு, ஆனா அதுல தெரியற பொலிவு பாதி மஞ்சச் சாயம்தான், ஆழமான மங்க அது தொடாது. பக்கத்து வீட்டு மாக்சிக், அதான் மலாய்க்கார அம்மா, பெடாக் செஜுக்னு ஒரு அரிசிப் பவுடர் செய்வாங்க, அரிசிய நாள் கணக்கா ஊற வச்சு தண்ணி மாத்தி மாத்தி, அரச்சுச் சொட்டுச் சொட்டா துணில விட்டு காய வைப்பாங்க. தண்ணில கரச்சுப் பூசுனா அது காயும்போது சில்லுன்னு இருக்கும், வெயில்ல வெந்த முகத்துக்கு எதம், அவ்வளவுதான். ஆனா எலுமிச்ச மட்டும் வேணவே வேணாம். எலுமிச்சச் சாறுல இருக்கற ஒரு பொருளு வெயிலு பட்டா தோல பொசுக்கிரும், கொப்பளம் போட்டு அப்புறம் கருந்தழும்பா மாசக்கணக்குல நிக்கும். மங்கு போகணும்னு எலுமிச்ச தேச்சுட்டு வேலைக்குப் போனவங்க கன்னத்துல கோடு கோடா கருத்து வந்தத நான் கண்ணால பாத்திருக்கேன்.

கடைசியா பார்மசி, கிளினிக் பக்கம். ஹைட்ரோகுயினோன் நல்ல மருந்துதான், டாக்டர் எழுதிக் குடுத்து, நாள் கணக்கு வச்சு, பாத்துப் பாத்து நிறுத்துனா. 1975ல கிளிக்மேன், வில்லிஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க சேந்து ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், ஸ்டீராய்டு மூனையும் கலந்து ஒரு பார்முலா போட்டாங்க, இன்னிக்கும் தோல் டாக்டருங்க அந்த வழிலதான் குடுக்கறாங்க. பசார் மாலாம் டப்பால சில சமயம் இருக்கறதும் அதே சரக்குதான், அளவும் தெரியாது நிறுத்தற தேதியும் கெடையாது. ஹைட்ரோகுயினோன வருசக்கணக்கா பூசுனா நீலம் பாரிச்ச கருப்பா தோல் மாறிரும், அத திருப்பறது ரொம்பக் கஷ்டம்.

நியாசினமைடு மெலனின் செய்றத தடுக்காது, செஞ்சத மத்த செல்லுக்கு அனுப்பறத கொறைக்குது, அதனால மெதுவாத்தான் வேல செய்யும். 2011ல மெக்சிகோல மங்கு இருந்த 27 பேரு முகத்துல ஒரு பக்கம் 4% நியாசினமைடு, மறு பக்கம் 4% ஹைட்ரோகுயினோன் பூசிப் பாத்தாங்க, நல்ல முன்னேற்றம் நியாசினமைடு பக்கம் 44%, ஹைட்ரோகுயினோன் பக்கம் 55%. அந்தக் கொஞ்ச வித்தியாசத்துக்காக பயத்த வாங்கணுமான்னு நீங்களே பாருங்க. எனக்கு அதுக்கும் மேல புடிச்சது 20% அசெலைக் ஆசிட் கிரீமு. மொத ரெண்டு வாரம் நமநமன்னு அரிக்கும், அப்புறம் பழகிரும். கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் டாக்டருங்க குடுக்கறது இதத்தான், நிறுத்துனா முகம் பழிவாங்காது. ட்யூப்பு 50 வெள்ளி பக்கம் வரும், பார்மசிஸ்ட்டக் கேட்டு வாங்குங்க.

இதெல்லாம் சன்ஸ்கிரீன் இல்லாம வீண். சன்ஸ்கிரீன்ல போட்டிருக்கற எஸ்பிஎப் எண்ணுல 30க்கும் 50க்கும் பெரிய வித்தியாசம் இல்ல, தோல பொசுக்கற கதிர்ல 97%, 98% தடுக்கும் அவ்வளவுதான், பூசற அளவுதான் பெருசு. ஆள்காட்டி வெரல், நடு வெரல் ரெண்டு நீளத்துக்கும் பிதுக்கணும், முகத்துக்கும் கழுத்துக்கும். அப்பிடிப் பூசுனா ஒரு நாளைக்கு ரெண்டு தடவைன்னு 50 கிராம் ட்யூப்பு மூனு வாரம் தாண்டாது, தோட்டத்துச் சம்பளத்துல அது சின்னச் செலவு இல்லன்னு எனக்குத் தெரியும். அதனால நான் சொல்றது அகலத் தொப்பி, அதுக்குள்ள துண்டு, அதுக்கப்புறம் கன்னம், நெத்தி, மேலுதடு மட்டும் தாராளமா சன்ஸ்கிரீன். நம்ம நெறத்துக்கு கண்ணுக்குத் தெரியற வெளிச்சமே மங்க கருப்பாக்கும், அதனால அயர்ன் ஆக்சைடு கலந்த, நெறம் போட்ட சன்ஸ்கிரீன் கெடச்சா இன்னும் நல்லது. ஷேடு நமக்கு ஒத்து வர்றது அபூர்வம், வாங்கறதுக்கு முன்ன தாடைல தடவிப் பாருங்க.

கைல 100 வெள்ளி இருந்தா நான் ஒரு சன்ஸ்கிரீனும் ஒரு அசெலைக் ட்யூப்பும் எடுப்பேன். 40தான் இருந்தா சன்ஸ்கிரீன் மட்டும். ஒன்னுமே இல்லன்னா தொப்பி, அதோட அரசாங்க கிளினிக்ல 1 வெள்ளி, அங்கேர்ந்து லெட்டர் குடுத்து தோல் ஸ்பெசலிஸ்ட்டுக்கு அனுப்புனா 5 வெள்ளி. சந்தேகமான கிரீம் ஏற்கனவே பூசிட்டு இருந்தீங்கன்னா டப்பாவ குப்பைல வீசாம ஒரு பிளாஸ்டிக் பைல கட்டி கிளினிக்குக் கொண்டு போங்க, டாக்டருக்கு அத பாத்தாத்தான் எந்த டெஸ்ட் எடுக்கணும்னு தெரியும். கால் வீங்கியிருந்தா, மூத்திரத்துல நுரை வந்தா, நாள் கடத்தாம அன்னிக்கே போங்க.

அந்த அக்கா டப்பாவ என் முன்னாடியே பைல கட்டுனாங்க, தவணை செட்டு ஏற்கனவே கணக்குல ஏறிருச்சு, அதனால அத முடிச்சிரலாம்னு சொன்னேன். எங்க பெரியக்கா அசெலைக் ஆரம்பிச்சு நாலு மாசம் ஆச்சு. மாசாமாசம் ஒன்னாந்தேதி அதே ஜன்னல் ஓரத்துல நிக்க வச்சு நான் போட்டோ எடுக்கிறேன். எடது கன்னத்துல மங்கோட ஓரம் ஒடஞ்சிருக்கு, வலதுல இன்னும் அசையல.