ஜாயின்டரில் காசு எங்கே போக வேண்டும்: மேசைக்கா, கார்டுக்கா?

பலகையின் முகத்தையும் விளிம்பையும் நேராக இழைக்கும் மெஷினான ஜாயின்டரை வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, டவ்டெயில் மேசையா, பேரலலோகிராம் மேசையா என்றுதான். சுழலும் கத்தியை மூடும் காப்பான கார்டைப் (guard) பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. நான் இதைத் தலைகீழாகக் கேட்பேன்.

டவ்டெயில் வகையில் மேசை ஒரு சரிவில் வழுக்கி ஏறி இறங்கும். பலகை நுழையும் பக்கத்து முன் மேசையை இறக்க இறக்க, கத்திகள் பொருத்திய உருளைக்கும் மேசை விளிம்புக்கும் இடையே சந்து அகலும். ஒரு தடவைக்கு 1 மி.மீ. சீவுகிறவருக்கு இது பெரிய விஷயமே இல்லை. பேரலலோகிராமில் நான்கு மூலையிலும் எக்சென்ட்ரிக் புஷ் (மையம் விலகிய வளையம்) இருக்கும். மேசை வில்லாக வளைந்து நகர்வதால் சந்து கிட்டத்தட்ட மாறாது.

மேசையின் வெளி முனை தொங்கிப்போனால்தான் நிஜமான வித்தியாசம் தெரியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முன் மேசையை, பலகை வெளியேறும் பக்கத்துப் பின் மேசையின் மட்டத்துக்கு ஏற்றுங்கள். நீளமான ஸ்ட்ரெய்ட் எட்ஜை இரண்டின் மேலும் வைத்து ஃபீலர் கேஜை (சந்தை அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். டவ்டெயில் என்றால் கிப் திருகை (மேசையைச் சரிவில் இறுக்கிப் பிடிப்பது) இளக்கி, சரிவின் தாழ்ந்த முனையில் மெல்லிய பித்தளைத் தகடு சொருக வேண்டும். சொருகு, இறுக்கு, அள, மறுபடி கழற்று என்று எனக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. இறுக்கும்போதே மேசை கொஞ்சம் அசையும், அதனால் இறுக்கிய பிறகு எடுப்பதுதான் அளவு. பேரலலோகிராமில் புஷ்ஷைத் திருப்பினால் போதும். ஆனால் ஒரு மூலையைத் தொட்டால் இன்னொன்று நகரும். அவசரக்காரர் இருந்ததையும் கெடுத்துவிடுவார்.

இந்த வேலை எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை வரும்? 6 அங்குல அகலம் வரை இழைக்கும் மெஷினுக்கு டவ்டெயிலே போதும் என்பது என் கணக்கு.

பின் மேசை உயரத்தில் மட்டும் இரண்டுக்கும் சட்டம் ஒன்றே: கத்தி சுழன்று தொடும் உச்சிக்குச் சமமாக இருக்க வேண்டும். தாழ்ந்தால் பலகையின் கடைசியில் பள்ளம் விழும், உயர்ந்தால் பலகை போய் முட்டும்.

சரி, கார்டு. அமெரிக்க மெஷின்களில் வருவது 'போர்க் சாப்' கார்டு, இறைச்சித் துண்டு வடிவத்தில் ஸ்பிரிங்கோடு சுழல்வது. பலகை தள்ள விலகும், கடந்ததும் தானே மூடும். பக்கவாட்டு விளிம்பை நேராக்க இதுபோல் வசதி வேறில்லை. ஆனால் அகலப் பலகையின் முகத்தை இழைக்கும்போது, வால் முனை கடக்கும் அந்தக் கணத்தில் கத்தி திறந்தே கிடக்கும். என் மெஷினில் ஒரு நாள் பிசினும் தூளும் சேர்ந்து கார்டு பாதியில் நின்றுவிட்டது. நான் கவனித்தது மோட்டாரை அணைத்த பிறகுதான்.

ஐரோப்பிய மெஷின்களின் பிரிட்ஜ் கார்டு, உருளைக்கு மேல் பாலம் போலக் குறுக்கே கிடக்கும். பலகை அடியில் நுழையும், கை மேலே தாண்டும். பலகை கடந்த பிறகும் கத்தி மூடியே இருக்கும். விளிம்பு வேலைக்குக் கார்டைப் பக்கவாட்டில் தள்ளி, ஃபென்ஸுக்கும் (பலகையைச் சாய்த்துத் தள்ளும் செங்குத்துத் தடுப்பு) கார்டுக்கும் நடுவே பலகையை நிறுத்த வேண்டும். தடிமன் மாறும்போதெல்லாம் உயரத்தையும் மாற்றியாக வேண்டும். சோம்பலில் உயரத்திலேயே விட்டுவைத்தால் விரல் நுழைய இடமிருக்கும், அப்புறம் பாலம் இருந்தும் பயனில்லை.

பெரும்பாலும் முகம் இழைப்பவன் என்பதால் என் ஓட்டு பிரிட்ஜுக்கு. டவ்டெயில் எடுத்து மேசையில் மிச்சம் பிடித்த காசை அதில் போடுவேன். வெறும் விளிம்பு வேலை என்றால் போர்க் சாப்பே இருக்கட்டும், ஆனால் ஒவ்வொரு நாளும் சுவிட்சைத் தொடுமுன் ஒரு குச்சியால் தள்ளிவிட்டு, அது முழுசாக மூடுகிறதா என்று பாருங்கள்.