வடசேரி மாடியில் ஸ்பானிஷ் வகுப்பு

குளச்சலிலிருந்து நாகர்கோவில் வடசேரிக்கு பஸ் ஏறி வந்து ஸ்பானிஷ் படிக்கிறேன். அலைச்சலுக்குப் பலன் உண்டு. நடக்காததைச் சொல்லும் வினைவடிவம் எனக்கு இங்கேதான் பிடிபட்டது. டீச்சர் பலகையில் 'துவியெரோன்' (அவர்களிடம் இருந்தது) என்று எழுதி, 'ரோன்' மட்டும் அழித்து 'ரா' போட்டார். துவியெரா! “சி துவியெரா தினெரோ, கொம்ப்ராரியா உனா பார்க்கா.” பணம் இருந்தால் வள்ளம் வாங்குவேன், கையில் பணமில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. பணம் கிடைக்க வாய்ப்பிருந்தால் 'துவியெரா' வராது, 'சி தெங்கோ' என்றுதான் சொல்ல வேண்டும். நம் 'இருந்தால்' இரண்டுக்கும் பொது.

அப்புறம் ஆசைக்கு 'ஒஹாலா'. “ஒஹாலா யோவியெரா” என்றதும் “மழை பெய்யாதா!” என்று அம்மா வானத்தைப் பார்ப்பதுதான் நினைவுக்கு வந்தது.

ஒரே குறை, 'துவியெரா'வுக்கு 'துவியெசே' என்று இருக்கும் இன்னொரு வடிவத்தை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். அதற்கும் ஒரு மாலை ஒதுக்கலாம்.