சாயம் ஏற்றிய வினைல் இருக்கை: சோப்பு நீரா, பளபளப்புத் திரவமா?

கடலோர ஊரான மண்டபத்தில் எங்கள் வாசலில் நிற்கும் அம்பாசடர் காரின் வினைல் இருக்கைகளுக்கு மறுசாயம் ஏற்றியாயிற்று. அது மேலே படிந்த மெல்லிய பூச்சுதான். பெயிண்ட் கரைக்கும் தின்னர் பட்டால் துடைக்கும் துணியோடு வந்துவிடும். அதனால் தின்னர் போட்டியிலேயே இல்லை.

சிலிக்கோன் பளபளப்புத் திரவம் ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பிசுபிசுப்பில் கடற்காற்றின் உப்பும் மணலும் ஒட்டிக்கொள்ளும். உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் உப்புத்தாள் தேய்ப்புதான். பின்னால் மறுபடி சாயம் ஏற்றினாலும் சரியாகப் பிடிக்காது.

மிதமான சோப்பு நீருக்குப் பொறுமை வேண்டும். முதலில் ஈரத்துணியால் மணலை ஒற்றியெடுத்து, பிறகு மென்மையாகத் துடைத்து, நல்ல தண்ணீரால் மீண்டும் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். மினுமினுப்பு வராது. வராவிட்டால் என்ன? பழைய வண்டி எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல் மின்னுவது எனக்குப் பிடிக்காது. உவர்க்கிணற்று நீர் மட்டும் வேண்டாம். காய்ந்ததும் வெண்படலம் விடும்.