வரி எங்கே கை வைக்கிறது: ஒன்ராரியோவும் கிளிநொச்சியும்

ரொறன்ரோவில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டு, இப்போது வன்னியில், கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறேன். திரும்பி வந்தது அம்மாவுக்காகவும் காணிக்காகவும். ஆனால் அரசு மக்களிடம் எப்படி வாங்குகிறது, எப்படித் திருப்பிக் கொடுக்கிறது என்று பார்த்தால், என் மனம் கனடாப் பக்கம்தான்.

கனடா பணக்கார நாடு, இலங்கை 2022-ல் கடன் கட்ட முடியாமல் கைவிரித்த நாடு. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் பார்ப்பது வரி யாருடைய மடியில் விழுகிறது என்பதை.

இங்கே அரசின் வரி வருமானத்தில் பெரும்பங்கு பொருட்கள், சேவைகள் மீது போடும் வரி. 2024 ஜனவரியில் வற் வரி (VAT, பெறுமதி சேர் வரி) 18 வீதமானது. விலக்கில் இருந்த பெற்றோல், டீசல், சமையல் காஸ் எல்லாம் அதற்குள் வந்தன. மாதம் 150,000 ரூபா வரை உழைப்பவருக்கு வருமான வரி இல்லை. சரி, நல்லது. ஆனால் பரந்தனில் கூலி வேலைக்குப் போகும் அக்கா, பிள்ளையின் வகுப்புக்காகப் போனுக்கு ரீலோட் போட்டாலும் அதில் வரி கழிகிறது. லாண்ட்மாஸ்டருக்கு (இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்கு) டீசல் அடிக்கும் இரண்டு ஏக்கர்க்காரருக்கும் சொகுசு வாகனத்துக்கு அடிக்கும் முதலாளிக்கும் லீற்றருக்கு ஒரே வரி. காலபோகம் (மாரிகால நெற்செய்கை) வெள்ளத்தில் போன வருடமும் அதே வரிதான்.

ஒன்ராரியோவிலும் கடை வரி 13 வீதம் உண்டு. அரிசி, பால், மரக்கறி போன்ற அடிப்படை உணவுக்கு இல்லை. மற்றதில் கட்டியதற்கு ஈடாக, வருமானம் குறைந்தவர்களுக்கு மூன்று மாதத்துக்கொரு தடவை ஒரு தொகை வங்கிக் கணக்கில் விழும். ஏப்ரல் 30-க்குள் வரிப் படிவம் கொடுத்தால் போதும். எனக்கு வேலை நேரம் குறைந்த வருடத்துக்கு அடுத்த ஜூலையில் பிள்ளைகளுக்கான காசு தானாகவே கூடியது. எந்தக் கந்தோரிலும் போய் நிற்கவில்லை. வருமானம் விழுந்தால் அரசின் கை நீளும். வன்னியில் இல்லாதது அதுதான்.

இங்கே 2023-ல் அஸ்வெசும என்ற, வறிய குடும்பங்களுக்கான அரச உதவித் திட்டம் வந்தது. மிக வறிய குடும்பத்துக்கு இப்போது மாதம் 17,500 ரூபா வரை கிடைக்கிறது. பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டின் நிலை, சொத்து என்று பார்த்துத்தான் ஆளைத் தெரிவு செய்கிறார்கள். போருக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடைத்த பெண், உள்ளே அடுப்பு எரியாவிட்டாலும், கணக்கெடுப்பில் கொஞ்சம் வசதியானவராகத் தெரிவார். ஒரு போகம் பொய்த்துப் போனால் அந்தக் கணக்கு உடனே மாறாது.

வரியைக் குறைத்தால் நல்லதென்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 2019 டிசம்பரில் வற் வரியை 15-லிருந்து 8 வீதமாக்கினார்கள். அரசின் வருமானம் சரிந்தது. நெருக்கடிக்கு அது மட்டும் காரணமில்லை, ஆனால் பெரிய காரணம். எரிபொருள் வரிசையில் இரவிரவாகக் கிடந்தது நாங்கள்.

இலங்கை முந்தி நிற்கும் இடம் ஆஸ்பத்திரி. அம்மாவின் பிரஷர், சீனி மருந்தெல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காசில்லாமல் கிடைக்கிறது. இருப்பில் இல்லாததை மட்டும் வெளியே வாங்குகிறோம். ஒன்ராரியோவில் டொக்டருக்குக் காசில்லை, ஆனால் என்னைப் போன்ற வேலை செய்யும் வயதுக்காரர் மருந்தைப் பெரும்பாலும் கைக்காசில் அல்லது வேலைத்தலக் காப்புறுதியில்தான் வாங்க வேண்டும். அரச பல்கலைக்கழகப் படிப்பும் இங்கே இலவசம்.

முதுமையை நான் அங்கே கழிக்கவில்லை, அதனால் ஓய்வூதியத்தை ஒப்பிட மாட்டேன். சின்னப் பிள்ளைகளும் நிலையில்லாத வருமானமும் உள்ள குடும்பத்துக்கு ஒன்ராரியோ முறைதான் தாங்கும். வற் வரியை எடுக்கத்தான் வேண்டுமென்றால், ஒவ்வொரு போகத்துக்கும் டீசலில் கட்டியதைச் சின்ன விவசாயிக்கு வங்கிக் கணக்கில் திருப்பிப் போடட்டும். உர மானியத்தைக் கணக்கில் போடுகிறார்கள்தானே, அதே பட்டியல் போதும்.